ஆசிரியரும் வகுப்பறைத் துணையாளரும்: ஏவலும் எதிருரையும்

வகுப்பறைப் பேச்சை மொழியியல் நோக்கில் ஆராய்ந்த முயற்சிகள் பெரும்பாலும் ஆசிரியர், மாணவர் என்னும் இரு தரப்பாரிடையே நிகழும் உரையாடலையே பொருளாகக் கொண்டுள்ளன. 1975இல் சிங்க்ளேர், கூல்தார்ட் ஆகிய இருவரும் வகுத்துக் காட்டிய அமைப்பு இதற்குத் தக்க சான்றாகும். ஆசிரியர் தொடங்குகிறார், மாணவர் விடையிறுக்கிறார், ஆசிரியர் அவ்விடையை மதிப்பிட்டு மேற்செல்கிறார். இம்மூன்று நகர்வுகளுள் வேறொருவருக்கு இடமில்லை. ஆனால் இன்றைய வகுப்பறைகள் பலவற்றில் வேறொருவர் இருக்கிறார். அங்கன்வாடியில் உதவியாளராகவும், மாற்றுத்திறன் குழந்தையின் அருகமர்ந்து துணைபுரிபவராகவும், பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில் குழந்தையின் வீட்டு மொழியை அறிந்த உள்ளூர்க்காரராகவும் அவர் பணியாற்றுகிறார். ஆசிரியர் அவரிடம் என்ன சொல்கிறார், எந்த வடிவில் சொல்கிறார், அவர் திரும்பச் சொல்வது ஆசிரியரைச் சென்றடைகிறதா என்பன போதிய அளவு ஆராயப்படவில்லை. குழந்தைக்குக் கிடைக்கும் கல்வியில் ஒரு பகுதி இவ்விருவர் பேச்சின் வழியாகவே செல்கிறது என்பதால், இது நிர்வாகத்தார் மட்டும் கவனிக்க வேண்டிய செய்தியன்று. மொழியை ஆராய்வோரும் மொழிபெயர்ப்போரும் கருதத்தக்கது.

பெயர்கள்

இப்பணியாளரைக் குறிக்கும் சொற்களிலேயே குழப்பம் தொடங்குகிறது. அமெரிக்காவில் வழங்கும் 'பாராப்ரொஃபெஷனல்' என்னும் சொல்லின் முன்னொட்டு 'அருகில்', 'பக்கத்தில்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாகும். 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கையெழுத்தான அந்நாட்டுக் கல்விச் சட்டம், நடுவண் அரசின் சிறப்பு நிதி பெறும் பள்ளிகளில் கற்பித்தலுக்குத் துணைசெய்வோர் ஈராண்டுக் கல்லூரிக் கல்வியோ அதற்கிணையான தேர்ச்சியோ பெற்றிருக்க வேண்டும் என்றும், ஆசிரியரின் நேரடி மேற்பார்வையிலேயே பணியாற்ற வேண்டும் என்றும் விதித்தது. இங்கிலாந்தில் இவர்கள் 'டீச்சிங் அசிஸ்டென்ட்' எனப்படுகின்றனர்.

இந்தியாவில் வழங்கும் 'பாரா டீச்சர்' என்னும் தொடரில் அதே முன்னொட்டு இருப்பினும் பொருள் வேறு. இராஜஸ்தானில் 1987இல் தொடங்கிய திட்டத்தின் 'சிக்ஷா கர்மி', உத்தரப்பிரதேசத்தின் 'சிக்ஷா மித்ர', குஜராத்தின் 'வித்யா சகாயக்' ஆகியோர் ஆசிரியருக்கு அருகில் இருந்தவரல்லர். ஆசிரியர் இல்லாத இடத்தில், குறைந்த ஊதியத்தில், ஆசிரியராகவே நின்றவர்கள். உத்தரப்பிரதேசத்தில் சிக்ஷா மித்ரர்களை உதவி ஆசிரியர்களாக நிலைப்படுத்தியது செல்லாது என உச்சநீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்ததும் இந்த நிலைப்பாடு பற்றியதே. எனவே அமெரிக்க நூலொன்றைத் தமிழாக்குவோர் 'பாராப்ரொஃபெஷனல்' என்பதைப் பாரா டீச்சர் என்றோ துணை ஆசிரியர் என்றோ பெயர்ப்பது பிழையாகும். இக்கட்டுரையில் 'துணையாளர்' என்னும் சொல்லே கையாளப்படுகிறது.

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் பணியாளர், உதவியாளர் என இரு நிலைகள் அமைந்தன. ஆவணங்களில் அவ்வாறிருப்பினும் தமிழ்நாட்டில் மக்கள் வழக்கில் முன்னவர் 'டீச்சர்'. பின்னவர் 'ஆயா' அல்லது 'ஆயாம்மா'. போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்து செவிலியைக் குறிக்கும் ஆயாவும், பாட்டியைக் குறிக்கும் தமிழ் ஆயாவும் இங்கு ஒன்றாகிவிட்டன. பணிப்பெயரா உறவுப்பெயரா எனப் பிரித்தறிய இயலாத இச்சொல், பின்னர் விளக்கப்படும் சிக்கல் ஒன்றனுக்கு நல்ல அடையாளமாகும்.

துணை இருந்தும் தேறாமை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு தலைமையில் 2003 முதல் சில ஆண்டுகள் நடைபெற்று 2009இல் முடிவுகள் வெளியான பெரும் ஆய்வொன்று கல்வித்துறையில் வியப்பை உண்டாக்கிற்று. துணையாளரின் உதவியை மிகுதியாகப் பெற்ற மாணவர்கள், அவர்களை ஒத்த பிற மாணவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தனர். முன்னறிவு, சிறப்புத் தேவை முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இம்முடிவு மாறவில்லை. துணையாளர்கள் திறமற்றவர்கள் என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டவில்லை என்பது கருதத்தக்கது. அவர்களை எப்பணியில் அமர்த்துகின்றனர், பணிக்கு எவ்வாறு ஆயத்தப்படுத்துகின்றனர் என்பவற்றிலேயே அவர்கள் காரணம் கண்டனர். ஆசிரியரும் துணையாளரும் பாடத்திற்கு முன்னரோ பின்னரோ கலந்து பேசுவதற்கென நேரம் ஒதுக்கப்பட்டிருந்த வகுப்புகள் சிலவே. பாடம் எதைப் பற்றியது என்பதை மாணவரோடு சேர்ந்து அப்போதுதான் கேட்டறியும் நிலையிலேயே துணையாளர் பலரும் இருந்தனர்.

இதன் தொடர்ச்சியாக ராட்ஃபோர்டு, பிளாட்ச்ஃபோர்டு, வெப்ஸ்டர் ஆகிய மூவரும் 2011இல் வெளியிட்ட கட்டுரை மொழியியலாருக்கு இன்னும் பயனுடையது. கணித வகுப்புகளில் பதிவான பேச்சை உரையாடல் பகுப்பாய்வு முறையில் நுணுகி நோக்கிய அவர்கள், மாணவர் தடுமாறும் இடத்தில் ஆசிரியரும் துணையாளரும் வெவ்வேறாக நடந்துகொள்வதைக் கண்டனர். ஆசிரியர் குறிப்பளித்தும் வினவியும் மாணவரையே திருத்தச் செய்து பேச்சைத் திறந்துவிட முற்பட்டார். துணையாளரோ விடையைத் தாமே தந்து பேச்சை மூடிவிடுவது மிகுதியாக இருந்தது.

இதற்குக் காரணம் தேடின் அது துணையாளரின் இயல்பில் இல்லை. அவருக்குக் கிடைத்த செய்தியில் உள்ளது. 'இந்தப் பக்கத்தில் உள்ள ஐந்து கணக்குகளையும் போடச் சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்டவருக்கு, ஐந்து கணக்கும் முடிவதே பணி நிறைவேறியதற்கு அடையாளம். கடன் வாங்கிக் கழித்தலைக் குழந்தை புரிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம், இரண்டு கணக்கே முடிந்தாலும் குற்றமில்லை என அவருக்கு யாரும் சொல்லவில்லை. செயல் தெரிவிக்கப்பட்டது, நோக்கம் ஆசிரியரிடமே தங்கிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் இந்நிலையை நன்கு அறிவர். எவருக்காக, எதன்பொருட்டு என்று தெரியாமல் கையில் தரப்பட்ட பனுவலைப் பெயர்ப்பவர் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதன்றி வேறு செய்ய இயலாது.

'பார்த்துக்கொள்ளுங்கள்'

தமிழ் வகுப்பறையில் ஆசிரியர் துணையாளரிடம் கூறும் ஏவல்களுள் மிகப் பெருவழக்கானது 'இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதாகும். 'பார்' என்னும் முதல்வினையோடு 'கொள்' என்னும் துணைவினை சேரும்போது, செயலின் பொறுப்பு செய்வோரையே சார்கிறது. ஆனால் செயல் இன்னதென்பது சொல்லில் இல்லை. ஓடிவிடாமல் தடுப்பதும் பார்த்துக்கொள்வதே. அழாமல் அமர்த்துவதும் பார்த்துக்கொள்வதே. எழுதாவிடின் கைபிடித்து எழுதவைப்பதும், எழுதட்டும் என விட்டுவிட்டு அருகில் இருப்பதும் அவ்வாறே. நாள்தோறும் ஒன்றாகப் பழகுவோரிடையே இப்பொதுமை இடர் தருவதில்லை. சூழல் பொருளை வரையறுத்துவிடும். புதிதாக வந்த துணையாளருக்கும், இயல்பில் வேறுபட்ட குழந்தைக்கும் இடையே அது வெற்றிடமாகிறது. வெற்றிடத்தைத் துணையாளர் தமக்குத் தெரிந்தவற்றால் நிரப்புகிறார். பலருக்குத் தெரிந்தது, குழந்தை சத்தமின்றி இருக்க வேண்டும் என்பது.

பயனுள்ள ஏவலில் மூன்று செய்திகள் அடங்கியிருப்பதைக் காணலாம்: குழந்தை என்ன செய்ய வேண்டும், துணையாளர் எதுவரை செல்லலாம், எப்போது ஆசிரியரை அழைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 'படத்தைப் பார்த்து அவனே பெயர் சொல்லட்டும். சொல்லாவிட்டால் முதலெழுத்தை மட்டும் சொல்லுங்கள். அதற்கும் பேசாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்' என்னும் தொடரை நோக்கலாம். நீளமான தொடரன்று. இதில் எழுவாய் மாறியிருப்பது கருதத்தக்கது. முதல் வினையின் எழுவாய் குழந்தை. 'சொல்லட்டும்' என்னும் வியங்கோள் வடிவம் செயலைக் குழந்தையிடம் விடுகிறது. 'சொல்லவையுங்கள்' என்னும் பிறவினை அச்செயலைத் துணையாளரின் கடமையாக்குகிறது. தன்வினை, பிறவினை வேறுபாடு இலக்கணப் பாடத்தோடு நின்றுவிடுவதில்லை; எழுதுகோல் யார் கையில் இருக்கும் என்பதையும் அதுவே தீர்மானித்துவிடக்கூடும்.

ஏவலுக்கு வரும் விடையும் இதே அளவு நுணுக்கமானது. 'சரிங்க டீச்சர்' என்பது கேட்டது, விளங்கிற்று, உடன்படுகிறேன், செய்கிறேன் என்னும் நான்கனுள் எதையும் குறிக்கலாம். விளங்காதபோதும் அதுவே விடையாகும். ஏனெனில் விளங்கவில்லை என்பது ஆசிரியரின் விளக்கத்தைக் குறைகூறுவதாகத் தோன்றும். 'புரிந்ததா?' என்னும் வினாவுக்கு 'ஆம்' என்னும் விடை ஒன்றே மரியாதைக்குரியதாக இருக்கும்போது அவ்வினா எதையும் வெளிக்கொணர்வதில்லை. 'எதிலிருந்து தொடங்கப் போகிறீர்கள்?' என்று வினவினால் துணையாளர் தம் சொற்களில் திட்டத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். திரிபு இருப்பின் அங்கேயே தெரிந்துவிடும்.

விளிச்சொல்லின் சுமை

ஆசிரியர் இருபத்தைந்து வயதினராகவும் துணையாளர் ஐம்பது வயதினராகவும் இருக்கும் வகுப்பறைகள் உண்டு. பதவி ஒருபுறமும் வயது மறுபுறமும் இழுக்கும் இத்தகைய இடங்களில் தமிழர் உறவுச்சொல்லால் சமன்செய்கின்றனர்: 'அக்கா', 'அம்மா', 'ஆயாம்மா'. வங்காளத்தில் 'மாசி', இந்தி வழங்கும் பகுதிகளில் 'தீதி' ஆகியன இத்தகையனவே. 'நீங்கள்' என்னும் பன்மையும் உடன்வரின் மரியாதை காக்கப்படுகிறது.

எனினும் உறவுச்சொல் தருவதோடு வாங்கவும் செய்கிறது. 'அக்கா, ஒரு டீ வாங்கி வந்துவிடுங்களேன்' என்பதை மறுப்பது கடினம். அக்காவுக்கு அலுவல் எல்லை கிடையாது. குழந்தையின் அருகில் இருக்க வேண்டிய நேரம் தேநீருக்கும் பெருக்குவதற்கும் போய்விடுவது இவ்வாறே. மறுதலையாக, உறவுச்சொல்லோடு ஒருமை வினையைச் சேர்த்து 'ஆயா, இங்கே வா' என்று அழைக்கும் வழக்கமும் உண்டு. ஆயா என்னும் சொல்லில் உள்ள முதுமைக்குரிய மதிப்பை அவ்வினை அழித்துவிடுகிறது. வயது, சாதி, ஊதியம் ஆகிய மூன்றும் இவ்விகுதியில் ஒலிக்கின்றன; அமர்ந்திருக்கும் குழந்தைகள் அனைவரும் அதைக் கேட்கின்றனர். பின்னர் அத்துணையாளர் சொல்வதைக் குழந்தைகள் கேளாதது பற்றி வருந்துவதில் பொருளில்லை.

பணி பற்றிப் பேசுமிடத்தில் பெயரும் பன்மை வினையும், பணிக்கு அப்பாற்பட்ட பேச்சில் உறவுச்சொல் என்னும் பகுப்பு நடைமுறைக்கு ஒத்துவரக்கூடியது. தமிழில் வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது இயல்பன்று என்பதால், பெயரோடு 'அம்மா' சேர்த்துவிடலாம். அது உறவுச்சொல்லாகவும் மரியாதை விகுதியாகவும் ஒருங்கே இயங்குவது.

துணையாளருக்குத் தெரிந்த மொழி

இதுவரை கூறியவற்றில் அறிவு ஆசிரியரிடமிருந்து துணையாளருக்குச் செல்வதாகவே கொள்ளப்பட்டது. இத்திசை முற்றிலும் மாறும் வகுப்பறைகள் உள்ளன. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் 2004இல் கோண்டி, கோயா, கொலாமி, கூவி, சவரம் உள்ளிட்ட எட்டு மொழிகளில் தாய்மொழிவழிப் பன்மொழிக் கல்வியைத் தொடங்கிற்று. ஒடிசா 2006-07இல் சந்தாலி, சவரம், கூயி, கூவி, ஜுவாங் முதலிய பத்து மொழிகளில் தொடங்கிப் பின்னர் இருபத்தொரு மொழிகளுக்கு விரிவுபடுத்தியது. அவ்வம்மொழி பேசும் சமூகத்தினரே இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். குழந்தையின் தாய்மொழி, கூடுமானவரை, பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது. இத்தகைய பள்ளிகளிலும், இத்திட்டம் எட்டாத பழங்குடிப் பகுதிப் பள்ளிகளிலும், மாநில மொழி மட்டும் அறிந்த ஆசிரியரும் குழந்தையின் மொழியறிந்த உள்ளூர்த் துணையாளரும் ஒரே அறையில் நிற்க நேர்கிறது. பதவியில் உயர்ந்தவர் குழந்தை சொல்வதை அறியார்; பதவியில் தாழ்ந்தவர் அறிவார்.

சவர மொழியின் எண்முறை இந்நிலைக்கு நல்ல விளக்கமாகும். ஒடிசாவின் கஜபதி, ராயகடா மாவட்டங்களிலும் ஆந்திரத்தின் வடகிழக்குப் பகுதியிலும் வழங்கும் இந்த முண்டா மொழிக்குக் கிடுகு வெங்கட ராமமூர்த்தி இலக்கணமும் அகராதியும் பாடநூல்களும் ஆக்கியளித்தார். இம்மொழியின் மரபான எண்கள் பன்னிரண்டையும் இருபதையும் அடியாகக் கொண்டவை. பதின்மூன்று என்பது 'பன்னிரண்டு-ஒன்று' எனவும், பத்தொன்பது 'பன்னிரண்டு-ஏழு' எனவும், முப்பத்து மூன்று 'இருபது-பன்னிரண்டு-ஒன்று' எனவும் அமையும். இம்முறையில் எண்ணிப் பழகிய குழந்தை, பதினான்கை எழுதச் சொன்னால் தன் மொழியின் வழியே பன்னிரண்டை எழுதி அருகில் இரண்டை எழுத நேரலாம். தமிழ்க் குழந்தை நூற்றிரண்டை 1002 என எழுதுவது போன்ற பிழையே இதுவும். கேட்ட சொல்லை அப்படியே எழுதியதன் விளைவு. தெலுங்கோ ஒடியாவோ மட்டும் அறிந்த ஆசிரியருக்கு 122 என்னும் அவ்வெழுத்து அறியாமையாகவே தோன்றும். துணையாளருக்கு அதன் காரணம் விளங்கும். ஆயின் அவரை யார் கேட்பது? 'தப்பாக எழுதியிருக்கிறான், திருத்துங்கள்' என்னும் ஏவலுக்கு விடை திருத்துவதுதான், விளக்குவதன்று. 'ஏன் இப்படி எழுதினான்?' என்னும் ஒரு வினா ஆசிரியரிடமிருந்து வந்தாலொழிய அவ்வறிவு வெளிவர வழியில்லை.

இலக்கண வேறுபாடுகளும் இவ்வாறே இடையில் நிற்கின்றன. தமிழர் நாம், நாங்கள் என்னும் வேறுபாட்டை இயல்பாக உணர்வர். சந்தாலியில் இவ்வேறுபாட்டோடு இருமையும் உண்டு: முன்னிலையாரை உளப்படுத்தும் இருமை 'அலாங்', உளப்படுத்தாத இருமை 'அலிஞ்', உளப்படுத்தும் பன்மை 'அபோ', உளப்படுத்தாத பன்மை 'அலெ'. ஜார்க்கண்டில் இந்தியில் பேசும் ஆசிரியர் இந்நான்கனுக்கும் 'ஹம்' என்னும் ஒரே சொல்லைக் கொண்டுள்ளார். 'நாம் இப்போது கதை படிப்போம்' என்னும் கருத்தில் அவர் கூறுவதைத் துணையாளர் சந்தாலியில் சொல்லும்போது, குழந்தைகள் படிப்பில் சேர்வார்களா, ஆசிரியரும் துணையாளரும் படிக்கக் குழந்தைகள் கேட்பார்களா என்பதை முடிவு செய்தாக வேண்டும். இலக்கணம் தப்பிக்க விடாது. ஆசிரியரின் திட்டத்தை முன்னரே அறிந்த துணையாளர் சரியான சொல்லைத் தேர்வார், அறியாதவர் ஊகிப்பார். மாநாட்டில் உடன்மொழிபெயர்ப்புச் செய்வோர் உரையின் படியை முன்கூட்டியே கேட்டுப் பெறுகின்றனர். வகுப்பறையில் அதே பணியைச் செய்பவருக்கு அன்றைய பாடம் எதுவென்று காலையில் சொல்லிவைப்பது சலுகையன்று.

குழந்தை சொன்னதும் துணையாளர் கருதியதும்

துணையாளரிடமிருந்து ஆசிரியருக்கு வரும் செய்தியில், குழந்தை கூறியது எது, துணையாளரின் கருத்து எது என்பன கலந்துவிடுவதே பெரிய இடர். 'அவனுக்குத் தெரியவில்லை டீச்சர்' என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். குழந்தை தெரியாது என்று கூறிற்றா, பேசாமல் இருந்ததா, வேறெதையோ கூறி அது விடையன்று எனத் துணையாளர் கருதினாரா என்பது இதிலிருந்து விளங்காது. பேச்சுத்தமிழ் இவ்வேறுபாட்டைக் காட்டும் கருவியைத் தன்னகத்தே கொண்டுள்ளது. 'தெரியாதாம்' என்பதில் உள்ள 'ஆம்' இடைச்சொல், செய்தி பிறர் வாய்க் கேட்டது என்பதைத் தெரிவிக்கும். 'தெரியாது என்றான்' என்பது குழந்தையின் சொல்லையே தருகிறது. 'தெரியாது போலிருக்கிறது' என்பது ஊகம். மூன்றும் அன்றாட வழக்கில் உள்ளவையே. புதிய கலைச்சொல் எதுவும் கற்க வேண்டியதில்லை. ஆசிரியர் இவற்றைப் பிரித்துக் கேட்டறிந்தால் போதும்: 'அவன் என்ன சொன்னான்? அப்படியே சொல்லுங்கள்.'

தமிழின் 'என்று' என்னும் இடைச்சொல் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றாமலே பொதிந்து தருவதால் இது எளிதாகிறது. தொழில்முறை வாய்மொழிபெயர்ப்பாளர் பேசுவோரின் தன்மை இடத்தை மாற்றாமல் 'நான்' என்றே பெயர்ப்பது மரபு. துணையாளரிடம் அந்த அளவு பயிற்சியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. குழந்தை தன் மொழியில் கூறிய சொல்லை முதலிலும் அதன் பொருளை அடுத்தும் கூறும் பழக்கம் ஏற்பட்டாலே பயன் பெரிது. ஆசிரியருக்கு அம்மொழியின் சில சொற்கள் செவிப்படத் தொடங்குவது கூடுதல் ஊதியம்.

குழந்தைக்கும் ஆசிரியருக்கும் நடுவில் துணையாளர் எப்போதும் நிற்பதிலும் தீங்குண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியான்கிரேகோவும் உடனாய்வாளரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, மாற்றுத்திறன் மாணவரின் அருகிலேயே துணையாளர் ஓயாது இருப்பதால் ஆசிரியர் அம்மாணவரைத் தம் பொறுப்பாகக் கருதாமை, சக மாணவர் விலகுதல், மாணவர் துணையாளரையே சார்ந்து நிற்றல் முதலிய விளைவுகள் தோன்றுவதை எடுத்துரைத்தது. இதற்கும் மொழி அடையாளம் ஒன்று உண்டு. குழந்தை எதிரில் இருக்கும்போதே ஆசிரியர் துணையாளரை நோக்கி 'அவன் சாப்பிட்டானா?' என்று வினவுவாராயின், அக்குழந்தை முன்னிலையிலிருந்து படர்க்கைக்குத் தள்ளப்பட்டுவிட்டது. 'சாப்பிட்டாயா?' எனக் குழந்தையிடமே கேட்டுவிட்டு, விடையைப் பெயர்த்துத் தருமாறு துணையாளரை வேண்டுவது செம்மை.

குறிப்பேடு

பேச நேரமில்லை என்பது ஆசிரியர்கள் கூறும் உண்மையான தடை. பள்ளி தொடங்குமுன் ஐந்து நிமிடமும் முடிந்தபின் ஐந்து நிமிடமும் இயலாத இடத்தில் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு அவ்விடத்தை ஓரளவு நிரப்பும். இங்கு இரட்டை வழக்கு குறுக்கிடுகிறது. நாளெல்லாம் பேச்சுத்தமிழில் தெளிவாகச் செய்தி சொல்லும் துணையாளர், எழுதச் சொன்னவுடன் 'மாணவன் நல்ல முறையில் ஈடுபாட்டுடன் செயல்பட்டான்' என எழுதுகிறார். அலுவல் அறிக்கைகளில் கண்ட நடை அது. அதில் செய்தி எதுவுமில்லை. 'மூணு படத்துக்குப் பேர் சொன்னான். யானைக்கு மட்டும் முதலெழுத்து சொன்னேன்' என்பதில் ஆசிரியருக்குத் தேவையான அனைத்தும் உள்ளன. குறிப்பேட்டின் நடை பேச்சுநடையாக இருக்கலாம் என ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்வதோடு, தாமும் அந்நடையில் எழுதிக் காட்டினால் தயக்கம் நீங்கும். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தினால் மறுநாள் குறிப்பு வராது.

கையேடுகளின் தமிழ்

துணையாளருக்கான பயிற்சிக் கையேடுகளில் ஆங்கிலத்திலிருந்து ஆக்கப்படுவன பல. இவற்றில் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு எத்தகையது என்பதற்குச் சிறப்புக் கல்வித்துறையில் வழங்கும் 'பிராம்ப்ட்' என்னும் சொல் ஒன்றே போதும். குழந்தை தானே செய்ய இயலாதபோது தரப்படும் சிறு தொடக்கத்தை அது குறிக்கிறது. அதில் படிநிலைகள் உண்டு. கையைப் பிடித்துச் செய்விப்பது மிகுதியான துணை. செய்து காட்டுவது, சொல்லால் தொடங்கி வைப்பது, சைகை காட்டுவது ஆகியன படிப்படியாகக் குறைபவை. குழந்தை முன்னேற முன்னேறத் துணை குறைந்துகொண்டே வந்து மறைய வேண்டும் என்பதே முறை. இவை அனைத்தையும் 'உதவி' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால் படிநிலை முழுவதும் அழிந்துபோகும். உதவி எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நன்று என்பதே அச்சொல்லின் பொதுப்பொருள். கையேட்டைக் கருத்தூன்றிப் படித்த துணையாளர்தாம் குழந்தையின் கையை விடாமல் பிடித்துக்கொள்வார். 'தூண்டுதல்' என்பதோ தீச்செயலுக்குத் தூண்டுவதையும் நினைவூட்டும். செயலின் அளவையும் காட்டாது.

தமிழில் இதற்கு ஏற்கெனவே 'அடியெடுத்துக் கொடுத்தல்' என்னும் வழக்கு உண்டு. சேக்கிழாருக்குத் தில்லையில் இறைவன் அடியெடுத்துக் கொடுத்ததாகக் கூறும் மரபைத் தமிழர் அறிவர். முதற்சொல் மட்டுமே அங்கிருந்து வந்தது. காப்பியத்தைப் பாடியவர் சேக்கிழாரே என்னும் தெளிவு அவ்வழக்கிலேயே பொதிந்துள்ளது. சொல்லால் தரும் தொடக்கத்திற்கு இது மிகப் பொருந்தும். பிற படிகளுக்குக் 'கைபிடித்துச் செய்வித்தல்', 'செய்து காட்டல்', 'சாடை காட்டல்' என எளிய வினைகளே போதும். துணை குறைவதைக் 'கையை விடுதல்' எனின் கைவிடுதல் என்னும் வேறு பொருளுக்கு இடமாகும். 'பிடியைத் தளர்த்துதல்' என்பது பொருத்தமாகலாம்.

இப்பட்டியலில் பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் விட்டுவிடுவது 'காத்திருத்தல்'. ஆசிரியர்கள் வினாவிய பின் ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருக்கின்றனர் என்பதையும், அது மூன்று விநாடிக்கு மேல் நீண்டால் விடைகள் நீளமும் தெளிவும் பெறுகின்றன என்பதையும் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். இரு மொழிகளுக்கிடையே விடை தேடும் குழந்தைக்கு மூன்று விநாடியும் போதாமல் இருக்கலாம். ஆங்கிலக் கையேட்டில் 'வெயிட்' என ஒரே சொல்லாக நிற்கும் அவ்வறிவுரை, தமிழில் 'சிறிது நேரம் கழித்து' என்னும் வினையெச்சத் தொடராகி அடுத்த வினைக்குள் கரைந்துவிடுகிறது. 'கேட்டபின் பேசாமல் இருங்கள். மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். அதன்பின் அடியெடுத்துக் கொடுங்கள்' எனத் தனித்தனி முற்றுவினைகளாக எழுதப்படின், பேசாதிருப்பதும் துணையாளரின் பணிகளுள் ஒன்றாகக் கையேட்டில் இடம்பெறும்.